2.2 கிலோ

மகள் வீட்டுக்கு வந்து இன்றோடு 11 நாள். 32 வாரத்தில் பிறந்தவள். துடக்குக் கழிக்கிற முப்பத்தொண்டாம் நாள் கூட ஆஸ்பத்திரி பேபி ரூமுக்குள்ளேயே கழிந்தது. கூட்டி வரும்போது 1.9 கிலோ. திருநெல்வேலிச் சந்தையில் இதைவிடப் பாரமான பூசணிக்காய் தூக்கியிருக்கிறேன், கை இப்படி நடுங்கியதில்லை.

பகலில் மனைவி, இரவு ஒரு மணிக்குப் பிறகு நான். பம்பர்ஸும் தொப்பியும் மட்டும் போட்டு, வெறும் நெஞ்சில் படுக்கவைத்து, மேலே சாரத்தைச் சுற்றிக்கொண்டு சாய்மனைக் கதிரையில் இருப்பேன். கங்காரு முறை என்று தாதி அக்கா பழக்கிவிட்டார். 1978இல் கொலம்பியாவில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கியதாம். கரண்ட் போகிற இரவுக்கும் நல்லாத்தான் ஒத்துவருகிறது.

திடீரென்று மூச்சை நிறுத்துவாள். ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு எண்ணும்போது ஒரு சின்ன விசும்பலோடு திரும்ப எடுப்பாள். இந்தப் பருவத்தில் ஐந்து, பத்து விநாடி வழமைதானாம். 20ஐத் தொட்டாலோ, உதடு நீலித்தாலோ ஓடி வாங்கோ என்றார் டொக்டர். எனக்கு ஆறே ஒரு யுகம்.

மாமிக்குச் சாம்பிராணி போட விடவில்லை என்று கோபம். ‘உங்களையெல்லாம் புகை காட்டித்தானே வளர்த்தது?’ நாங்கள் நிறைமாதத்தில் பிறந்தோம் மாமி. இவள் பிறக்கவேண்டிய நாளுக்கே இன்னும் 12 நாள் இருக்கிறது.

இன்று மிட்வைஃப் வந்து நிறை பார்த்தார். 2.2. மாமி ஒன்றும் சொல்லவில்லை. சாம்பிராணித் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ‘தம்பி, நீர் போய்ப் படும், நான் வைச்சிருக்கிறன்’ என்றார்.