பாஜியோவுக்கு முன்னால் ஒருவர்
1994 கால்பந்து உலகக் கோப்பை இறுதிப் போட்டி என்றாலே இத்தாலியின் பாஜியோ பெனால்டியை வானத்துக்கு அடித்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அன்றைய நாயகன் அதே அணியின் தடுப்பாட்டக்காரர் பிராங்கோ பரேசிதான்.

சின்ன வயதில் இன்டர் மிலான் கிளப் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய பையன். அண்ணனை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்! இவர் ஏசி மிலானுக்குப் போனார். அணி இரண்டு முறை இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியபோதும் வேறு கிளப்புக்குத் தாவவில்லை. அப்புறம் சாக்கி பயிற்சியாளராக வந்தார், பரேசி கையைத் தூக்கினால் மொத்தத் தடுப்பு வரிசையும் முன்னேறும், எதிரணி வீரர்கள் அந்த வரிசைக்குப் பின்னால் சிக்கி ஆஃப்சைடில் மாட்டுவார்கள்.

சரி, 94-க்கு வருகிறேன். ஜூன் 23, நார்வேயுடன் ஆடும்போது முழங்கால் போச்சு. அறுவை சிகிச்சை. ஜூலை 17, பாசடீனாவில் உச்சி வெயிலில் பிரேசிலுக்கு எதிராக அதே மனிதர் கேப்டனாக இறங்குகிறார், 34 வயதில். எதிரே பிரேசிலின் முன்கள வீரர்கள் ரொமாரியோ, பெபெட்டோ. 120 நிமிடம், ஒரு கோல்கூட விழவில்லை. கடைசியில் கால் தசை பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார்.

அந்தக் காலோடு இத்தாலியின் முதல் பெனால்டியை அடிக்க வந்ததும் அவர்தான். கம்பத்துக்கு மேலே போனது. குழந்தை மாதிரி அழுதார்.

1997-இல் ஓய்வு. அவருடைய 6-ஆம் எண்ணை மிலான் அதற்குப் பிறகு யாருக்கும் தரவில்லை.