பாஸுக்குப் பக்கத்தில் நின்றவர்

பாட்டில் குரலையும் வாத்தியங்களையும் சமன்செய்து கலக்கும் மிக்ஸிங் வேலை பார்ப்பவனுக்கு டெனர் சாக்ஸபோன் கொஞ்சம் தொல்லை பிடித்த வாத்தியம். ஆண் குரல் புழங்கும் அதே ஸ்தாயியில்தான் அதுவும் புழங்கும். பாடுபவருக்குப் பின்னால் ஊதினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கினாலும் தீராது. ராக் பாட்டென்றால் இன்னொரு சிக்கல். கிட்டார்காரர்களின் கைக்கு வாகான ‘ஈ’ மேஜர், டெனர் வாசிப்பவருக்கு, அந்த வாத்தியத்தின் கணக்கில், ஆறு ஷார்ப் (அரைப்படி உயர்ந்த ஸ்வரம்) உள்ள ‘எஃப் ஷார்ப்’ ஆகிவிடும். விரலுக்கு வதைதான்.

ராக் குழுவில் டெனர் ஊதிய கிளாரன்ஸ் கிளெமன்ஸ் மேல் எனக்குள்ள மரியாதை இதனால் வந்தது. 1942இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். ஒன்பது வயதில் கிறிஸ்துமஸுக்கு பொம்மை ரயில் கேட்டார். அப்பா ஆல்டோ சாக்ஸபோன் வாங்கித் தந்தார். அமெரிக்கக் கால்பந்துக் கனவு கார் விபத்தோடு போயிற்று. அறுபதுகளில் நியூஜெர்சியில் சிறுவர் சீர்திருத்தப் பள்ளியில் ஆலோசகராக வேலை பார்த்தபடியே கிளப்புகளில் வாசித்தார். அப்புறம் அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘ஈ ஸ்ட்ரீட்’ குழு. ரசிகர்களுக்கு ஸ்பிரிங்ஸ்டீன் ‘பாஸ்’, இவர் ‘பிக் மேன்’.

1975இல் வந்த ‘ஜங்கிள்லேண்ட்’ பாட்டின் சாக்ஸ் பகுதி இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம். அதைப் பதிவுசெய்ய 16 மணி நேரம் ஆனதாகச் சொல்வார்கள். ஒவ்வொரு வரியாக பாஸ் மாற்றச் சொல்ல, இவர் திரும்பத் திரும்ப ஊதியிருக்கிறார். உதடு மரத்து, வாத்தியத்தின் வாயில் அதிரும் ரீட் நைந்துபோன பிறகும் ‘இன்னொரு டேக் போகலாமா’ என்று கேட்கிற ஆள் நான்; ஸ்டுடியோ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்பது சுலபம். ஸ்வரங்களைச் சொன்னது ஸ்பிரிங்ஸ்டீன், கிளெமன்ஸ் வெறுமனே ஊதினார் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் டேக்குகளை வெட்டி ஒட்டிப் பார்த்ததில்லை போலும். ஸ்வரத்தை வெட்டலாம். ஒரு நீண்ட ஸ்வரத்தின் நடுவில் மூச்சு கனத்து, கரகரத்து, மறுபடி நிமிர்வதை எந்த முதலாளியும் எழுதித் தர முடியாது.

1989இல் வேலை போன செய்தி போனில் வந்தது. பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரின் குழுவோடு ஜப்பானில் இருந்தபோது, குழுவைக் கலைப்பதாக ஸ்பிரிங்ஸ்டீன் அழைத்துச் சொன்னார். பத்து வருடம் கழித்துக் கூப்பிட்டபோது கிளெமன்ஸ் திரும்பிப் போனார். நானாக இருந்தால் போயிருப்பேனா, சந்தேகம்தான்.

2011 ஜூன் 18 அன்று, பக்கவாதம் தாக்கிய சில நாட்களில், 69 வயதில் இறந்தார். அடுத்த ஆண்டு குழு சுற்றுப்பயணம் கிளம்பியபோது, அவர் ஒருவர் நின்ற இடத்துக்கு ஐந்து பேர் கொண்ட ஊதுகுழல் பிரிவை அமர்த்தினார்கள். அதில் தனி வாசிப்புகளில் பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொண்டவர் அவருடைய அண்ணன் தம்பி வழிப் பிள்ளை ஜேக் கிளெமன்ஸ்.