ஹாம் ரேடியோ லாக்: நோட்டிலிருந்து கணினிக்குப் போய்ப் பாதி வழி திரும்பியது

2022-ல் ஹாம் உரிமம் (பொழுதுபோக்காக ரேடியோவில் மற்ற ஹாம்களோடு பேச அரசு தரும் அனுமதி) கைக்கு வந்த வாரம் நான் முதலில் வாங்கியது ரேடியோ இல்லை, ஒரு நோட்டு. தாம்பரத்தில் ஒரு ஸ்டேஷனரிக் கடையில், கணக்கு எழுதுபவர்கள் வாங்குவார்களே, கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு, அது. தேர்வுக்குப் படித்த 1978-ம் ஆண்டு விதிகள் அப்போது மண்டையில் சூடாக இருந்தன. லாக் புத்தகம், அதாவது யாரோடு எப்போது பேசினோம் என்ற பதிவேடு, பைண்டு செய்ததாக இருக்க வேண்டும், தாள் தாளாகக் கழற்றுகிற ஃபைல் கூடாது, நிலையத்திலிருந்து போகிற எல்லா ஒலிபரப்பும் வரிசையாக ஏற வேண்டும் என்று அதில் இருந்தது. ஸ்கேல் வைத்துப் பத்துக் கட்டம் போட்டேன். தேதி, நேரம், அலைவரிசை, மோடு (பேச்சா மோர்ஸா என்பது), கால்சைன் (நிலையத்தின் அடையாள எழுத்துகள்), நான் கொடுத்த ரிப்போர்ட் (சிக்னல் எப்படிக் கேட்கிறது என்ற மதிப்பெண்), அவர் கொடுத்த ரிப்போர்ட், பெயர், ஊர், குறிப்பு. கடைசிக் கட்டத்துக்கு இடமே மிஞ்சவில்லை. அங்கே என்ன எழுதிவிடப் போகிறோம் என்று விட்டுவிட்டேன்.

ரிக் (ரேடியோப் பெட்டி), ஹைதராபாத்தின் அஷார் ஃபர்ஹான் வடிவமைத்த மைக்ரோபிட்எக்ஸ். சுமார் 10 வாட். ஆன்டெனா 40 மீட்டர் பேண்டுக்கான (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) டைபோல், நடுவில் இணைத்து இரு பக்கமும் நீட்டிய கம்பி. 143-ஐ மெகாஹெர்ட்ஸில் உள்ள அலைவரிசையால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1-க்கு ஏறத்தாழ 20 மீட்டர், பக்கத்துக்குப் பத்து. நடுப்பகுதியைத் தண்ணீர்த் தொட்டி மேல் நட்ட குழாயில் கட்டினேன். ஒரு முனை வேப்பமரத்துக்குப் போகிறது, இன்னொன்று கைப்பிடிச் சுவரோரத் தூணுக்கு. ஒரு முனைக்கு மட்டும் துணி காயப்போடும் நைலான் கயிறு. அது எவ்வளவு மட்டமான முடிவு என்று அடுத்த மழைக்காலத்தில் தெரிந்துகொண்டேன்.

முதல் தொடர்பு காலை ஏழு மணிக்கு, பாலக்காட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவரோடு. எனக்குக் கை நடுங்கியது. அவர் பொறுமையாகப் பேசி, ஐந்து ஒன்பது ரிப்போர்ட் கொடுத்து, முடிக்கும்போது கேட்டார்: "லாக்ல எழுதிட்டீங்களா மோனே? இப்பவே எழுதுங்க, அப்புறம்னா மறந்துரும்." எழுதியிருந்தேன். அவர் கால்சைனில் ஓர் எழுத்து தப்பாக.

தமிழ்க் காதுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆங்கில எழுத்து தெளிவாகக் கேட்க B-க்குப் பிராவோ, P-க்குப் பாப்பா என்று சொல்வார்கள். பிராவோவின் பி, பாப்பாவின் பி, இரண்டையும் நாம் ஒரே எழுத்தில்தான் எழுதிப் பழகியிருக்கிறோம். டி, ஜி, கே எல்லாவற்றிலும் இதே கதை. பாப்பா என்று சொல்லச் சொன்னாலும் இரைச்சலுக்கு நடுவே "ப" மட்டும் வந்து விழுந்தால், கை தன் இஷ்டத்துக்கு ஒன்றை எழுதிவிடும். ஆகவே கேட்டதை எழுதி, எழுதியதைத் திருப்பிச் சொல்லி, அவர் "ரோஜர்" என்ற பிறகே கட்டத்தில் ஏற்றுவது என்று ஆக்கிக்கொண்டேன். மோர்ஸில் பி தொல்லை இல்லை, அங்கே வேறு தொல்லை. எஸ் மூன்று புள்ளி, ஹெச் நான்கு, 5 ஐந்து. ஜெனரல் கிரேடு உரிமத்துக்காக நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் தேறியவன் நான். எதிர்முனையில் இருப்பவர் 20-ல் அடிக்கும்போது மூன்றா நான்கா என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது. நோட்டின் 57-வது வரியில் ஒரு கால்சைனின் கடைசி எழுத்து இன்னும் பென்சிலில் இருப்பது இதனால்தான்.

அடுத்தது நேரம். உலகம் முழுக்க ஹாம்கள் லாக்கை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) எழுதுகிறார்கள். நமக்கு ஐந்தரை மணி நேரம் கழிக்க வேண்டும். கழிப்பது பெரிய வித்தை இல்லைதான், ஆனால் காதில் ஹெட்போனும் ஒரு கையில் மோர்ஸ் கீயுமாக இருக்கும்போது அந்த அரை மணி நேரம் உயிரை வாங்கும். அதனால் ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கி யூடிசிக்கு வைத்தேன். ஒரு வாரம் நன்றாகப் போனது. எட்டாம் நாள் அம்மா சொன்னார்: "உன் ரூம் கடிகாரம் ரொம்ப லேட்டா ஓடுதுடா. புது செல் போட்டு டைம் வெச்சிருக்கேன்." அதற்குள் நான்கு தொடர்புகளை இந்திய நேரத்தில் எழுதி, பக்கத்தில் யூடிசி என்றும் போட்டிருந்தேன். இப்போது அந்தக் கடிகாரத்தின் மேல் செலோடேப்பில் ஒரு சீட்டு: "தொடாதே, சரியாகத்தான் ஓடுகிறது."

2023 டிசம்பர் வாக்கில் நோட்டில் 430 வரி சேர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, அமெரிக்க ஹாம் சங்கமான ஏஆர்ஆர்எல் 2003-லிருந்து நடத்தும் லாக்புக் ஆஃப் த வேர்ல்டுக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்தேன். நீங்கள் ஒருவரோடு பேசியதாக ஏற்றுகிறீர்கள், அவரும் ஏற்றுகிறார். கால்சைன், பேண்டு, மோடு ஒத்துப்போய், இருவர் நேரமும் அரை மணிக்குள் இருந்தால் தொடர்பு உறுதி. தொடர்பை உறுதிசெய்து தபாலில் வரும் கார்டுக்குக் காத்திருக்க வேண்டாம். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்கள் உரிமத்தின் நகலோடு இன்னோர் அடையாளச் சான்றும் அனுப்பி மின்சான்றிதழ் வாங்க வேண்டும். அதையெல்லாம் முடித்து, பொங்கலுக்கு முந்தைய வாரம் உட்கார்ந்து 430 வரியையும் தட்டினேன். முதுகு போய்விட்டது.

ஏற்றியதும் 171 தொடர்புகள் உறுதியாயின. மோசமில்லை, எல்லாரும் அங்கே ஏற்றுபவர்கள் இல்லை. ஆனால் பட்டியலை நேரப்படி அடுக்கியபோது வயிற்றைக் கலக்கியது. 40 மீட்டரில் ஐரோப்பா நன்றாகக் கேட்பது நமக்கு விடிவதற்கு முன்பு. அலாரம் வைத்து எழுந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு பிடித்த தொடர்புகள் 38. அதில் ஒன்றுகூட உறுதியாகவில்லை. ஒன்று இரண்டு என்றால் அவர்கள் ஏற்றவில்லை எனலாம். 38-க்கு 38 என்றால் தப்பு என்னிடம்தான்.

காரணத்தைக் கண்டுபிடிக்க உதவியது, நான் இடமே விடாத குறிப்புக் கட்டம். ஒரு வரியை அப்படியே தருகிறேன். தேதி: 14 ஜனவரி 2023. நேரம்: 2320. அலைவரிசை: 7.021. மோடு: மோர்ஸ். ஓர் இத்தாலிய நிலையம், ரிப்போர்ட் 559. குறிப்பில் கட்டத்துக்கு வெளியே வழியும்படி: "போகி மேளம். புகை. ஹெட்போனையும் மீறிக் கேட்கிறது."

போகியன்று விடியற்காலை 4:50. ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து 2320 என்று சரியாகவே எழுதியிருக்கிறேன். ஆனால் கழிக்கும்போது நள்ளிரவைத் தாண்டிப் பின்னால் போய்விட்டோம், தேதி 13 ஆகிவிட்டது. அதை நான் கவனிக்கவே இல்லை. நோட்டில் இருக்கிறபடி பார்த்தால், நான் அந்த இத்தாலிக்காரரோடு பொங்கலன்று விடியற்காலை 4:50-க்குப் பேசியிருக்க வேண்டும். பொங்கலன்று அந்நேரம் வாசலில் அடுப்புக்குச் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தேன். வேடிக்கை என்னவென்றால், அவர் வீட்டிலும் அப்போது நள்ளிரவு தாண்டி 20 நிமிடம், அங்கேயும் 14-ம் தேதி. பேசிய இருவருக்கும் 14, லாக்கில் மட்டும் 13 என்று இருந்திருக்க வேண்டும்.

நள்ளிரவிலிருந்து காலை 5:30 வரை பேசிய எல்லாவற்றிலும் இதே கோளாறு. யூடிசியில் 1830-க்கு மேல் இருக்கிற வரிகளுக்கெல்லாம் தேதியில் ஒன்றைக் குறை என்று எக்செலில் ஒரு ஃபார்முலா போட்டு இழுத்துவிட்டேன். இழுத்த பிறகுதான் உறைத்தது: நடுவே எஃப்டி8 என்ற கணினி மோடில் செய்த தொடர்புகளும் இருந்தன. அவற்றைக் கணினியே பதிந்தது, தேதி ஏற்கெனவே சரியாக இருந்தது. சரியாக இருந்ததையும் ஒரு நாள் பின்னால் தள்ளியிருந்தேன். பிறகு அவற்றைத் தனியாகப் பிரித்து, முன்னால் தள்ளி, மறுபடி ஏற்றியதில் 38-ல் 22 உடனே உறுதியாயின. ஒரு தடவை ஏற்றியதை அங்கே அழிக்க முடியாது. தப்பான தேதியோடு நான் பேசாத பேச்சுகள் யாருக்கும் தொந்தரவில்லாமல் அந்தச் சர்வரில் கிடக்கின்றன.

எஃப்டி8 பற்றி ஒரு வார்த்தை. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃப்ராங்கும் 2017-ல் கொண்டுவந்த மோடு அது. 15 விநாடிக்கு ஒரு முறை கணினிகள் மாற்றி மாற்றிப் பேசும், காதுக்கே எட்டாத சிக்னலையும் பிரித்தெடுக்கும், லாக்கையும் தானே எழுதும். உலகப் படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்ததில் நாம் இருக்கும் கட்டத்தின் குறியீட்டை மட்டும் கொடுத்தால் போதும். அதிலும் ஒரு சுவாரசியம், 80 டிகிரி தீர்க்கரேகை செங்கல்பட்டை ஒட்டிப் போவதால் தாம்பரத்துக்கு என்கே02, காஞ்சிபுரத்துக்கு எம்கே92. மற்றபடி ஒரே மாலையில் அதில் 40 தொடர்பு செய்தேன். எழுத்துப் பிழையே இல்லாத 40 வரி. இன்று படித்தால் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

சரி, கணினிக்கு வந்தாயிற்று, நோட்டை மூட்டை கட்டலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் குறிப்புகள் காணாமல் போயின. லாக் மென்பொருள்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்வது ஏடிஐஎஃப் என்ற வடிவத்தில். அதன் சாதாரணக் கோப்பில் ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் அதன் பெயர், பிறகு ஒரு கோலன், பிறகு எத்தனை எழுத்து என்ற எண். அந்தக் கோப்பு ஆங்கில எழுத்துக்கு மட்டுமே ஆனது. "மழை" என்று எழுதினால் நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து, யூனிகோடில் மூன்று, கோப்பில் ஒன்பது பைட். மென்பொருள் எதை எண்ணினதோ தெரியாது, நான் ஆசையாகத் தட்டிய குறிப்புகள் எல்லாம் கேள்விக்குறிகளாக வெளியே வந்தன. போகி மேளமும்தான். தங்கிலீஷில் எழுதலாம் என்றார் ஒரு நண்பர். எழுதிப் பார்த்தேன். "Mazhai"யா "malai"யா என்று அடுத்த வாரம் எனக்கே புரியவில்லை. மழையும் மலையும் மாலையும் ஹாமுக்கு ஒன்றல்ல.

இன்னொரு குறையும் தெரிந்தது. மென்பொருள் கால்சைன் இல்லாமல் ஒரு வரியையும் சேமிக்க விடாது. ஆனால் என் பாதி இரவுகள் யாருமே கிடைக்காத இரவுகள். விதி சொல்வதும் எல்லா ஒலிபரப்பையும் எழுது என்றுதான், பதில் வந்ததை மட்டும் எழுது என்றில்லை. ஆகவே நோட்டை மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை நான்கே கட்டம், குறிப்புக்குப் பாதிப் பக்கம்.

அதன் பலன் கொஞ்ச நாளில் தெரிந்தது. மாலையில் ரிசீவரில் எஸ்7 அளவுக்கு (எஸ் சிக்னலின் பலத்தைச் சொல்லும், எண் கூடினால் பலம் கூடும்) ஒரு கரகரப்பு வந்து உட்கார்ந்துவிடும், 10 வாட் ஆட்கள் யாரையும் கேட்க முடியாது. கரண்ட் போனால் எஸ்2-க்கு இறங்கும். (மின்வெட்டைக் கொண்டாடுகிறவர்கள் ஹாம்கள் மட்டுமே. பேட்டரியை மாட்டிக்கொண்டு ஓடுவோம்.) பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் மீது எனக்குச் சந்தேகம், அந்த மாமாவிடம் கேட்கக்கூடத் தயாராகிவிட்டேன். ஆறு வாரக் குறிப்பைச் சேர்த்துப் பார்த்தபோது, கரகரப்பு தினமும் ஆறே காலை ஒட்டித் தொடங்கி, பத்துக்கு நின்றது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஆறுக்கே. ஆறே கால் அம்மா விளக்கேற்றுகிற நேரம், வெள்ளிக்கிழமை கொஞ்சம் முன்னதாக. ஏற்றிவிட்டு வந்து மாடிப்படி லைட்டைப் போடுவார், படுக்கப் போகும்போது அணைப்பார். அந்த மலிவு எல்இடி பல்பைக் கழற்றியதும் எஸ்7 எஸ்3 ஆனது. நல்லவேளை, மாமாவிடம் கேட்கவில்லை.

2024 மே 11, சனிக்கிழமை காலைக்கு எதிரே இருப்பது இது: "7 மணி. வழக்கமான ஆட்கள் ஒருவரும் இல்லை. மூன்று தடவை சிக்யூ. ரிக் சரி, எஸ்டபிள்யூஆர் சரி. மாடிக்குப் போய் வயரைப் பார்த்தேன், அதுவும் சரி." (சிக்யூ என்றால் யாராவது பதில் சொல்லுங்கள் என்ற அழைப்பு, எஸ்டபிள்யூஆர் ஆன்டெனா ரிக்கோடு பொருந்துகிறதா என்ற அளவு.) பழுது என்னிடம் இல்லை, வானத்தில். அன்று காலைதான் சூரியனில் எக்ஸ் வகை, அதாவது மிகக் கடுமையான, வெடிப்பு ஒன்று, முந்தைய இரவே தொடங்கிவிட்ட புவிகாந்தப் புயலோடு. 2003-க்குப் பிறகு உச்ச அளவான ஜி5-க்கு வந்த முதல் புயல். லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்த படங்களைச் செய்தியில் பார்த்த பிறகு, அந்த வரிக்குக் கீழே சிவப்புப் பேனாவில் ஒரு கோடு போட்டேன். கணினி லாக்கில் மே 11 காலை என்று ஒன்று நடந்ததற்கே தடயம் இல்லை.

இப்போதைய ஏற்பாடு இதுதான். பேசும்போது நோட்டு, ஞாயிற்றுக்கிழமை கணினி. நேரம் எழுதும் முன் தேதியை யூடிசியில் எழுதிவிடுகிறேன், பக்கத் தலைப்பிலேயே. நைலான் கயிற்றை மாற்றிவிட்டேன். 57-வது வரிக்காரர் எஸ்ஸில் முடிபவரா ஹெச்சில் முடிபவரா என்று இரண்டு கால்சைனையும் தேடினேன், இரண்டிலும் ஆள் இருக்கிறார், இருவரும் மோர்ஸ்காரர்கள். ஊகத்தில் ஒன்றை ஏற்றிப் பார்க்கலாம், பொருந்தினால் பொருந்தட்டும் என்று நண்பர் சொல்கிறார். எனக்கு மனம் வரவில்லை. இருவருக்கும் ஒவ்வொரு கார்டு எழுதி, "உங்கள் லாக்கில் நான் இருக்கிறேனா?" என்று கேட்டுப் போன வாரம் தபாலில் போட்டிருக்கிறேன்.