‘பணம்’ சொல்லும் வாய்க்குப் பிரெஞ்சு மூக்கொலி வரும்

மேல்நிலை வகுப்பிலும் கல்லூரியிலும் பகுதி 1 மொழிப்பாடமாகத் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுப்பவர்களில் பலருக்கு அது மதிப்பெண் பாடம். எழுத்துத் தேர்வோடு முடிவதால் உச்சரிப்பை யாரும் கண்டுகொள்வதில்லை. பிரெஞ்சுத் திறனுக்குச் சான்றிதழ் தரும் டெல்ஃப் தேர்வு எழுதப் போகும்போதுதான் இடிக்கும். அதில் பேச்சுக்கு 100-க்கு 25. மொத்தம் 50 வந்தாலும் பேச்சில் 5-க்குக் கீழே போனால் தேர்ச்சி இல்லை.

காரைக்குடி வட்டாரத்தில் பிரெஞ்சு நடத்துபவர்கள் முதலில் நிறுத்த வேண்டியது, சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதிக்கொள்ளும் பழக்கத்தை. (இந்தக் கட்டுரையில் தமிழில் எழுதிக் காட்ட மட்டும் நமக்கு வேறு வழியில்லை.) தமிழ் எழுத்துதான் கெடுக்கிறது, தமிழ்ப் பேச்சு கைகொடுக்கும். ‘பணம்’ என்று எழுதினாலும் பேசும்போது உதடு மூடுவதில்லை, ஓகாரம் மூக்கில் போய் நிற்கிறது. ‘நல்ல’ என்பதற்கான ‘போன்’ அதே ஒலிதான். ‘அவன் வந்தான்’ என்பதைப் பேச்சில் சொல்லச் சொல்லுங்கள். ‘அவன்’ முடியும் இடத்தில் ‘வேன்’ (ஒயின்) சொல்லின் உயிர் இருக்கிறது. ‘வந்தான்’ முடிவை இன்னும் சற்றுத் தொண்டைப் பக்கம் தள்ளினால் ‘ஸான்’ (இல்லாமல்). சரிபார்க்கக் கண்ணாடி போதும்: முடிவில் உதடு ஒட்டினாலோ நாக்கு நுனி மேலே தொட்டாலோ தவறு. ‘போன்’னின் பெண்பாலில் மட்டும் நாக்கு தொட வேண்டும்.

த, ப, க-வும் நமக்கு லாபமே. பிரெஞ்சு ‘த’ பல்லில் படும் நம்ம த. ஆங்கிலப் பழக்கத்தில் அதை ‘ட’ ஆக்குவதுதான் சிக்கல்.

உண்மையில் நம்மிடம் இல்லாத உயிர் ஒன்று உண்டு, பிரெஞ்சு ‘u’. ‘ஈ’ சொல்லி மூன்று வினாடி நீட்டுங்கள்; நாக்கு நுனி கீழ்ப்பல்லை விட்டு நகரக் கூடாது. அப்படியே உதட்டை மட்டும் விசிலடிப்பதுபோல் குவியுங்கள். உதட்டோடு நாக்கும் பின்வாங்கினால் ‘ஊ’ ஆகிவிடும். அவசரப்பட்டால் ‘யூ’ வரும். ‘மேலே’ (dessus), ‘கீழே’ (dessous) இரண்டுக்கும் பிரெஞ்சில் வேறுபாடு இந்த உயிர் ஒன்றுதான். வாசல் நிலைக்கு மேலே இருக்கும் கஜலட்சுமியைக் காட்டுகிற பிள்ளை இதில் தவறினால், வீடு பார்க்க வந்த பிரெஞ்சுக்காரர் தரையைப் பார்ப்பார். பேச வைக்கும் முன் காதைப் பழக்குங்கள்: இதுபோன்ற சோடிகளிலிருந்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, மாணவர் ஒரு விரலோ இரண்டு விரலோ காட்டட்டும். பத்தில் எட்டு சரியாகும்வரை வாயைத் திறக்கச் சொல்லாதீர்கள்.

அதிரும் ‘ஸ’வுக்கும் (z ஒலி) இதே முறை. விரலைத் தொண்டையில் வைத்தால் அதிர்வு தெரியும். ‘புவாஸோன்’ அதிராவிட்டால் மீன், அதிர்ந்தால் விஷம். செட்டிநாட்டு மீன் குழம்பை அறிமுகப்படுத்தும்போது கவனம்!

‘ஏழு’ என்பதற்கான ‘செத்’தைச் ‘செத்து’ என்பார்கள். வல்லெழுத்தில் சொல்லை முடித்துப் பழகாத வாய் குற்றியலுகரத்தைச் சேர்த்துவிடும். ‘உ போடாதே’ என்று சொல்லிப் பயனில்லை. ‘காசு’ம் ‘இல்லை’யும் ‘காசில்லை’ ஆவதுபோல், உயிர் முதலாகும் சொல்லை அடுத்து வையுங்கள்: ‘செத் எர்’ (ஏழு மணி) என்று சேர்த்துச் சொன்னால் உகரம் தானே ஓடிவிடும். நன்றாகப் படிந்த பிறகு இரண்டாம் சொல்லை மெல்ல எடுத்துவிடலாம். ‘ஒன்பது மணி’யில் (‘நெஃப் எர்’) ஃப ஒலி வ ஆகிவிடுவதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

தொண்டை ‘ர’வைக் கடைசிக்கு வையுங்கள். நம்ம ர-வில் பேசினாலும் புரியும், ஆனால் முதல் நாளே அதற்குக் கொப்பளிக்க வைத்து வகுப்பைச் சிரிப்பாக்குபவர்கள் உண்டு. ‘பகல்’ என்பதில் வரும் மென்மையான க-வைப் பிடித்து, நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லோடு ஒட்டி, உரசலை உள்நாக்குப் பக்கம் நகர்த்தினால் போதும்.