மணம் மனமான கதை

கும்பகோணத்திலிருந்து மொரிஷியஸுக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். ரோஸ் ஹில் பக்கம் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயியில் வெள்ளம் கார்களையே இழுத்துக்கொண்டு போனது. அடுத்த பத்தாம் நாள் தைப்பூசக் காவடி. வகுப்பு தள்ளிக்கொண்டே போயிற்று. வீட்டில் இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோல் பேசும் பிள்ளைகள். மூன்று வாரம் விட்டால் மறுபடி 'அ'விலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சரி, போனிலேயே பயிற்சி கொடுத்துவிடலாம் என்று இறங்கினேன்.

மூடுல் (Moodle) என்ற இணைய வகுப்புத் தளம் ஒன்றை என் கொழுந்தன் ஏற்கெனவே போட்டுக்கொடுத்திருந்தான். அதுவரை அது பிடிஎஃப் அடுக்கி வைக்கும் அலமாரிதான். பயிற்சிகளை லூமி (Lumi) என்ற மென்பொருளில் எச்5பி (H5P) கோப்புகளாகச் செய்தேன். திரையிலேயே விடை எழுதித் திருத்திக்கொள்ளும் பயிற்சிகளுக்கான கோப்பு வகை அது. லூமி இலவசம், இணையம் இல்லாவிட்டாலும் கணினியில் ஓடும். கோடிட்ட இடத்துக்கான விடையை இரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே எழுத வேண்டும். இரண்டு விடையும் சரி என்றால் இடையில் ஒரு சாய்கோடு: *கோயில்/கோவில்*. எத்தனை வருஷத்துச் சண்டை, ஒரு கோட்டில் முடிந்துவிட்டதே என்று சிரித்துக்கொண்டேன்.

முதலில் பயிற்சியை ஒரு பாடப் பக்கத்துக்குள், எடிட்டர் வழியாகச் செருகிவிட்டேன். பிள்ளைகள் செய்தார்கள், ஆனால் மதிப்பெண் ஏட்டில் ஒன்றும் ஏறவில்லை. பக்கத்துக்குள் வைத்தால் அது வெறும் காட்சிதான். எச்5பி செயல்பாடு என்று தனியாகச் சேர்த்தால்தான் யார் எத்தனை தடவை முயன்றார்கள், என்ன மதிப்பெண் என்று பதிவாகும். மாற்றிப் போட்டேன். அன்று இரவு எல்லோருக்கும் நூற்றுக்கு நூறு. பெருமையாக இருந்தது. சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை ஒரு பையன் போனை நீட்டினான். "மல்லிகையின் ____ வீசியது" என்ற இடத்தில் 'மனம்' என்று அடித்திருக்கிறான். பக்கத்தில் பச்சை டிக்.

"இது எந்த ன, தம்பி?"

"லி கோரெக், மிஸ்!" என்று டிக்கைக் காட்டினான். சரிதானே என்கிறான்.

வீட்டுக்கு வந்து நோண்டினேன். சின்ன எழுத்துப் பிழைகளை ஏற்கலாம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. பிள்ளைகள் போனில் தட்டும்போது விரல் தவறுமே என்று இரக்கப்பட்டு, நானேதான் அதில் டிக் போட்டிருந்தேன். 3 முதல் 9 எழுத்துள்ள விடையில் ஒரு பிழையை அது கண்டுகொள்ளாது. ண, ன வித்தியாசத்துக்காகவே செய்த பயிற்சியில் அந்த ஒரு எழுத்தை விட்டுவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

டிக்கை எடுத்தேன், மூடுலில் பயிற்சிக் கோப்புகளைப் பொதுவாக வைத்துக்கொள்ளும் உள்ளடக்க வங்கியில் சேமித்தேன். வகுப்பைத் திறந்தால் பழைய பயிற்சியே நிற்கிறது! வங்கியிலிருந்து கோப்பை எடுக்கும்போது நகல் வேண்டுமா, இணைப்பு வேண்டுமா என்று கேட்கும். அவசரத்தில் நகல் என்று கொடுத்திருந்தேன், அதுவும் மூன்று வகுப்புகளுக்கு. நகல் எடுத்த நிமிஷமே அது தனிக்குடித்தனம் போய்விடும். வங்கியில் என்ன திருத்தினாலும் அதற்குத் தெரியாது. மூன்றையும் நீக்கிவிட்டு, இணைப்பாக மறுபடி வைத்தேன். அதற்குப் பிறகு திருத்தம் ஒரே இடத்தில்தான். நூறுகள் அறுபதுக்கு இறங்கின. இரண்டு அம்மாக்கள் போன் செய்து கேட்டார்கள்.

சொல் தேடும் கட்ட விளையாட்டை மட்டும் கைவிட்டேன். 'கொடி' என்று கொடுத்தால் க ஒரு கட்டம், கொம்பும் காலும் புள்ளி வட்டத்தோடு இன்னொரு கட்டம், ட தனி, அதன் விசிறி தனி என்று நான்காகப் பிய்த்துப் போடுகிறது. அது இன்னும் கட்டம் போட்ட கணக்கு நோட்டில், பென்சிலில்தான் நடக்கிறது.