கேஜ் முள் சொல்வது சூட்டை, அளவை அல்ல

மீன்பிடித் தடைக்காலம்தான் குளிரூட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிற எங்களுக்கு ஐஸ் கம்பெனிகளில் வேலை நடக்கும் காலம். கன்னியாகுமரி மாவட்டத்தில் அது இரண்டு தவணையாக வரும். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது கம்ப்ரசருக்கும் ஓய்வு கிடைக்கும். அழுத்தம் காட்டும் கேஜை நிதானமாகப் படிக்க அதைவிட நல்ல நேரம் இல்லை.

வால்வுகளை அடைத்துப் போட்ட ரிசீவர் என்ற தொட்டிக்குள், குளிரூட்டப் பயன்படும் அமோனியா கீழே திரவமாகவும் மேலே ஆவியாகவும் கிடக்கும். சூடு 30 டிகிரி என்றால் முள் 155 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) பக்கம் நிற்கும். விடியற்காலை 25 டிகிரிக்கு இறங்கினால் 131. உள்ளே ஐம்பது கிலோ கிடந்தாலும் ஐந்நூறு கிலோ கிடந்தாலும் இதே எண்கள்தான். ஆவி குறைந்தால் திரவம் கொதித்து அந்த இடத்தை நிரப்பும். கூடினால் கூடியது திரவமாகிவிடும். கொஞ்சமாவது திரவம் மிச்சம் இருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது சூடு ஒன்றுதான்.

தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இது மனதில் பதிய நாளாகும். ஒரு கோல்டு ரூம் வேலையில் கூட வந்த பையன், ஆர்-22 என்ற குளிரூட்டும் கேஸ் இருந்த சிலிண்டரில் கேஜை மாட்டிவிட்டு, “அண்ணே, 158 காட்டுது, நிறைய கெடக்கு” என்றான். “தூக்கிப் பாரு மக்கா” என்றேன். ஒரு கையிலேயே தூக்கிவிட்டான். முகம் மாறிப்போயிற்று.

விளக்குவதைவிடக் காட்டுவது மேல் என்று நினைத்தேன். ஒரு டப்பில் உடைத்த ஐஸும் தண்ணீரும் போட்டு, வால்வை அடைத்தபடியே சிலிண்டரை அதில் நிறுத்தினோம். முள் மெல்ல மெல்ல இறங்கி 57-க்குக் கிட்டே வந்து நின்றது. “லீக்காண்ணே?” என்று பதறினான். எதுவும் வெளியே போகவில்லை. உள்ளே இருந்த ஆவி குளிர்ந்த சுவரில் பட்டுத் திரவமாகி அடியில் இறங்கியிருந்தது. திரவமே இல்லாமல் வெறும் வாயுவாக இருந்திருந்தால், 30 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்கு வரும்போது அழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் குறைந்திருக்கும். எடுத்து வெளியே வைத்ததும் முள் மறுபடி ஏறியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றான், சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

இதை வைத்தே ஒரு வேலையும் பார்க்கலாம். காலி சிலிண்டரை ஐஸில் வைத்துப் பழைய யூனிட்டோடு ஹோஸ் போட்டால், கேஸ் தானாகக் குளிர்ந்த பக்கம் ஓடிவந்து திரவமாகும்.

எனக்குக் கோபம் வருவது வேறொரு இடத்தில். நின்றுபோன பிளான்ட்டில் 30 டிகிரிக்கு 155 இருக்க வேண்டிய முள் 175 காட்டினால், கேஸ் அதிகம் என்று சொல்லி அமோனியாவைத் திறந்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த 20 பிஎஸ்ஐ, உள்ளே புகுந்த காற்றின் அழுத்தம். காற்று அந்தக் குளிருக்கெல்லாம் திரவமாகாது. ஆவியைத் திரவமாக்கும் கண்டென்சரில் தங்கிக் கரண்ட் பில்லை ஏற்றும். வெளியேற்ற வேண்டியது அதைத்தான், காற்றைப் பிரித்து வெளியேற்றவென்றே உள்ள பர்ஜர் என்ற கருவி வழியாக. அமோனியாவைச் சும்மா திறந்துவிட்டால் பக்கத்துக் குடியிருப்பில் இருக்கிற கைக்குழந்தைக்குத்தான் முதலில் மூச்சு முட்டும். முள் 155-க்குக் கீழே நின்றால் அர்த்தம் வேறு: அந்தப் பக்கம் திரவமே இல்லை.

கார்பன் டை ஆக்சைடு விஷயத்தில் இந்தக் கணக்கு ஒரு எல்லைக்கு மேல் செல்லாது. அதன் எல்லை 31 டிகிரி. நம்மூர் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அதைத் தாண்டிவிடும். அப்புறம் தீயணைப்பு சிலிண்டருக்குள் திரவம், ஆவி என்ற பிரிவே இருக்காது. அந்த சிலிண்டர்களில் கேஜே வைப்பதில்லை. தராசில் வைத்து, மேலே அடித்திருக்கும் எடையோடு ஒப்பிட்டுத்தான் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறோம்.