கண்ணகி கையில் செல்போன்: நவீனச் சிலப்பதிகார வரைவுகளைத் திருத்திப் பார்த்த குறிப்புகள்

கண்ணகி, கோவலன், மாதவி மூவரையும் இன்றைய மதுரைக்குக் கொண்டுவரும் ரசிகர் கதைகளை வாசித்துக் குறிப்பெழுதும் வேலையின் பதிவு இது. எல்லாமே முதல் முறை எழுதுபவர்களின் வரைவுகள்.

முதல் சுற்று: பெயர் மறைப்பு

முதல் வாசிப்பில் பேனா வேண்டாம். இரண்டாம் வாசிப்புக்கு முன் கோப்பை நகலெடுத்துக்கொண்டு பெயர்களை மாற்ற வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. 'கோவலன்' என்று தேடினால் 'கோவலனை', 'கோவலனுக்கு' எல்லாம் அகப்படாது, ஏனென்றால் கணினிக்குப் புள்ளி தனிக் குறி. 'கோவல' என்று தேடி 'முருக' என்று மாற்றினால் வேற்றுமை உருபுகள் உடையாமல் வரும். கண்ணகிக்குச் சுமதி, மாதவிக்கு ரேவதி என இகரத்தில் முடியும் பெயர்களே பொருத்தம்.

மாற்றிய பிரதியைச் சிலப்பதிகாரம் படித்த ஒருவரிடம் கொடுத்து, சுமதி யார் என்று கேட்டால் போதும். சிலம்பு வரும்வரை யாருக்கும் தெரியாவிட்டால், அந்தப் பாத்திரம் வெறும் பெயர்ப் பலகைதான். பெரும்பாலான வரைவுகள் விழும் இடம் இதுவே. சுமதி அழுகிறாள், காத்திருக்கிறாள், கோயிலுக்குப் போகிறாள். மூலத்தில் நடப்பது நேர் எதிர். சோமகுண்டம், சூரியகுண்டம் என்ற பொய்கைகளில் மூழ்கிக் காமவேளை (மன்மதனை) தொழுதால் கணவன் திரும்புவான் என்று தோழி தேவந்தி சொல்கிறாள். கண்ணகியின் விடை 'பீடன்று'. அது நமக்குப் பெருமையல்ல என்று ஒரே சொல்லில் மறுத்துவிடுகிறாள். கோவலன் திரும்பி வந்து, செல்வம் தொலைத்த வறுமை நாணம் தருகிறது என்றதும் முறுவலோடு 'சிலம்புள கொண்ம்' (சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்) என்கிறாள். ஒரு வரைவில் இதே இடத்தில் அவள் நகைப்பெட்டியைத் தரையில் வீசி, "இதையும் எடுத்துட்டுப் போ!" என்று கத்துகிறாள். நாடகமாக நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிரிப்பை எடுத்துவிட்டால் பின்னால் வரும் சினத்துக்கு எடை இருக்காது. நூலின் முதல் பகுதியான புகார்க் காண்டத்தில் அவள் பேசுவதே சில வரிகள்தான். அங்கேயே பக்கம் பக்கமாகப் பேசவைத்தால் அரசவைக் காட்சிக்கு மிச்சம் ஏது?

இரண்டாம் சுற்று: முடிச்சுகள்

ஓரத்தில் மூன்று குறிகள்: மூலத்தில் உள்ளதற்கு 'மூ', மாற்றியதற்கு 'மா', புதிதாகச் சேர்த்ததற்கு 'பு'. 'மா' எல்லாம் பொருள்கள்மேலேயே விழுந்தால் (யாழுக்குக் கிடார், ஓலைக்கு வாட்ஸப், வண்டிக்குக் கார்) வேஷம் மட்டும்தான் மாறியிருக்கிறது. அந்தப் பொருள் கதையில் செய்த வேலையை இந்தப் பொருள் செய்கிறதா என்பதே கேள்வி.

கோவலனும் மாதவியும் கடற்கரையில் யாழிசைத்துப் பாடிப் பிரியும் கானல்வரியை எடுத்துக்கொள்வோம். பல வரைவுகளில் பிரிவுக்குக் காரணம் நீல டிக்: பார்த்தாய், பதில் போடவில்லை, சண்டை. அது தகவல் வராததால் வரும் சண்டை. கானல்வரியில் எதுவும் வராமல் போகவில்லை. இருவரும் அருகருகே உட்கார்ந்து முழுதாகக் கேட்கிறார்கள். கோவலன் பாட்டில் வேறொரு பெண் இருப்பதாக மாதவிக்குத் தோன்ற, அவளும் வேறு மனத்தினள் போலப் பாடுகிறாள். அவன் அதை நிஜமென்று கொள்கிறான். கற்பனையை வாக்குமூலமாகப் படித்ததே பிழை. இதற்கு ஈடு தேடினால், ஒருவர் எழுதிய கவிதையை மற்றவர் தன்னைப் பற்றியது என்று எடுத்துக்கொள்வது பொருந்தும். நீல டிக் பொருந்தாது.

சிலம்பு இன்னும் கடினம். 'கண்ணகி சிசிடிவி பதிவைக் காட்டினாள்' என்று முடித்த வரைவுகள் உண்டு. மூலத்தில் சான்று பொருளுக்குள்ளேயே இருக்கிறது. அரசியின் சிலம்புக்குள் இருக்கும் பரல் முத்து, கண்ணகியுடையதில் மாணிக்கம். உடைத்தால்தான் தெரியும், உடைத்தால் பொருள் போய்விடும். இந்த இரண்டு நிபந்தனையும் வேண்டும். உள்ளே அரக்கு நிரப்பிய பழைய தங்க நகை இதற்குப் பொருந்தி வருகிறது, வெட்டிப் பார்க்க வேண்டியிருப்பதால். பழைய நகைக்கு ரசீதும் இராது. 2023 ஏப்ரல் 1 முதல் கடையில் விற்கும் ஹால்மார்க் தங்க நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடு கட்டாயம் என்பதால், கதையில் புது நகை வைத்தால் கடைக்காரரின் சந்தேகமே எழாது. பாட்டி காலத்து நகை என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

அடுத்து, கோவலன் கொலை. காலையில் கைது, மாலையில் தூக்கு என்று எழுதியவருக்கு ஒரே குறிப்பு: அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும். ஆகவே மரணம் அதற்கு முன், காவலிலோ கூட்டத்தின் அடியிலோ நடக்க வேண்டும். இன்னொன்றையும் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கோவலனைப் பார்த்ததும், இவன் கொலைப்படுமகன் (கொல்லப்பட வேண்டியவன்) அல்லன் என்று தயங்குகிறார்கள் காவலர். அவன்மேல் பழி சுமத்திய பொற்கொல்லன், திருட்டுக் கலையைச் சொல்லும் களவுநூல் பேசி அவர்களைக் கரைக்கிறான். கடைசியில் வாளை வீசுபவன் 'கல்லாக் களிமகன்' (கல்லாத குடிகாரன்) ஒருவன். தயங்கும் ஒரு காவலராவது இல்லாத வரைவு தட்டையாகிவிடுகிறது.

பாண்டியனை ஊழல் அமைச்சராக்குவது அடுத்த வழுக்கல். வில்லனாக இருந்தால் 'யானே கள்வன்' என்று சொல்லி உயிர்விட மாட்டான், வழக்கறிஞரைத்தான் அழைப்பான். ஆராயாமல் உத்தரவிட்ட நல்ல அதிகாரி என்றால்தான் அந்த வரி நிற்கும்.

வயதுகள் தானாக மாறியாக வேண்டும்: மூலத்தில் கண்ணகிக்குப் பன்னிரண்டு, கோவலனுக்குப் பதினாறு. இன்றைய சட்டத்தில் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21.

மதுரைத் தீக்குப் பதில் ஹேஷ்டேக். யோசனையில் தவறில்லை. ஆனால் கண்ணகி தீக்கு வரம்பு கட்டுகிறாள்: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி இவர்களை விட்டுவிடு என்கிறாள். வைரல் அப்படி யாரையும் விடாது. அவள் யாரைக் காப்பாற்றச் சொல்கிறாள், இணையம் அவள் பேச்சைக் கேட்டதா என்று கேட்டதும் ஒரு வரைவின் கடைசி அத்தியாயம் முழுக்க மாறியது. இதுவரை கிடைத்த நல்ல பலன் அது.

குறிப்பு எழுதும் விதம்

ஒரு வரைவுக்குப் பெரிய குறிப்பு மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் வரைவின் வரி, மூலத்தின் காதை (அத்தியாயம்), ஒரு கேள்வி. 'கண்ணகி இப்படிப் பேசமாட்டாள்' என்பது குறிப்பே அல்ல, சண்டைக்கு அழைப்பு. சந்திப்பிழைகளைத் தனித் தாளில் எழுத வேண்டும். கலந்து கொடுத்தால் ஒற்று மிகுவதை மட்டும் சரிசெய்துவிட்டு முடிந்தது என்பார்கள்.

தீராமல் நிற்பது ஒன்று. மாதவியின் இரண்டாம் கடிதத்தைக் கோசிகன் கொண்டுவருகிறான். கோவலன் படித்து அவள் குற்றமற்றவள் என்று தெளிகிறான். அதன் வாசகம் தன் பெற்றோருக்கும் பொருந்துகிறது என்று அதையே அவர்களிடம் கொடுக்கச் சொல்லி அனுப்புகிறான். இன்றைக்கு அது ஒரு ஃபார்வர்டு. வாட்ஸப்பில் 'ஃபார்வர்டு செய்யப்பட்டது' என்ற குறி தெரியும், முதலில் யார் எழுதியது என்பது தெரியாது. கோவலனின் தந்தை மாசாத்துவான் அதைத் திறந்து என்ன நினைப்பார் என்பதை எழுதிய வரைவு இன்னும் வரவில்லை.